பாம்பனில் மளிகையும் கருவாடும்: பில்லிங் மெஷின் போடலாமா, நோட்டே போதுமா?

பாம்பன்_கடை:

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் ரோட்டோரத்தில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. ஒரு பக்கம் மளிகை, இன்னொரு பக்கம் கருவாடு. ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வண்டிகள் நிறுத்தி நெத்திலி, சீலா, மாசி என்று வாங்கிப் போவதால் கருவாட்டில்தான் நாலு காசு நிற்கிறது, மளிகை ஊர்க்காரர்களுக்காக ஓடுகிறது. காலையும் இரவும் நான் இருப்பேன், மதியம் அம்மா. இதுவரை எல்லாமே நோட்டுதான். ஏஜென்ட் பில்லைக் கம்பியில் குத்தி வைப்போம், பற்றுக்கு ஒரு நீள நோட்டு, மீதியெல்லாம் ராத்திரி கல்லாவை எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்வது.

போன வாரம் ஒருவர் வந்து பிஓஎஸ் மெஷின், அதாவது கல்லாவில் பில் போட்டுக் கணக்கு வைக்கும் மெஷின், காட்டினார். தொடுதிரை, பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டிச் சொல்கிறார், அப்புறம் வருஷச் சந்தா தனி. "லாபம் தானாகக் கூடும் சார்" என்றார். எப்படிக் கூடும் என்றால் ரிப்போர்ட் வரும் என்கிறார். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

என் யோசனை இதுதான். சரக்கில் பாதி தராசில் போடுவது, அதற்கு ஏது பார்கோடு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, கடையில் பெரும்பகுதி பற்றில்தான் ஓடும், அந்தக் கணக்கை மெஷின் தாங்குமா? அம்மாவுக்குப் போனில் வீடியோ பார்க்கத் தெரியும், அதற்கு மேல் எதுவும் வராது. பயன்படுத்துகிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மெஷின் விற்பவர்கள் நம்பர் போட வேண்டாம்.

கீழக்கரை_ஸ்டோர்:

தம்பி, அந்த ஆள் சொன்ன மாதிரி லாபம் தானாகவெல்லாம் கூடாது. கடையில் பணம் எந்த ஓட்டையில் போகிறது என்று காட்டும். அடைப்பது உங்கள் வேலை.

எல்லாரும் பில் போடுவதுதான் மெஷின் வேலை என்று நினைக்கிறார்கள். பில்லை யார் வேண்டுமானாலும் போடலாம், கொள்முதலை ஏற்றுவதில்தான் விஷயமே இருக்கிறது. ஏஜென்டின் லைன் வண்டி வந்து சரக்கு இறக்கியதும் எத்தனை பீஸ், என்ன விலை, எக்ஸ்பயரி எப்போது என்று அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். அதைச் செய்யாமல் பில் மட்டும் அடித்தால் ஸ்டாக் மைனஸில் போய் நிற்கும், ஒரு மாதத்தில் வெறுத்துப்போய் மெஷின் மேல் துணியைப் போட்டு மூடிவிடுவீர்கள். எங்கள் பஜாரில் அப்படி மூடி வைத்த மெஷின்கள் இருக்கின்றன.

ஏற்றினால் என்ன கிடைக்கும்? ஒன்று சொல்கிறேன். ஏஜென்ட் வந்து "ஒரு டஜன் எடுத்தால் ஒன்று ஃப்ரீ, இன்றோடு ஸ்கீம் முடிகிறது" என்பான். முன்பெல்லாம் முகத்துக்காக எடுப்போம். இப்போது திரையைத் திருப்பிக் காட்டுகிறேன்: போன தடவை எடுத்த சத்துமாவு டப்பாவில் மூன்றுதான் போயிருக்கிறது, மீதி அலமாரியில் எக்ஸ்பயரியை எதிர்பார்த்துக் குந்தியிருக்கிறது. அவனும் பேசாமல் அடுத்த ஐட்டத்துக்குப் போய்விடுவான். அந்த டப்பாக்களில் முடங்கும் பணத்துக்குச் சர்க்கரை வாங்கிச் சுற்றலாம், சர்க்கரையில் மார்ஜின் கம்மி என்றாலும் பணம் நிற்காமல் திரும்பும்.

இன்னொன்று, 2025 செப்டம்பர் 22. ஜிஎஸ்டி மாறிய நாள். சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது. கடையில் பழைய எம்ஆர்பி சரக்கு இருக்கும்போதே புது எம்ஆர்பி சரக்கும் வந்து இறங்குகிறது, இரண்டுக்கும் ஒரே பார்கோடு. டிவியில் விலை குறைந்தது என்று பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? சிஸ்டத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்து வரியை மாற்றினோம், ஸ்கேன் செய்தால் இரண்டு எம்ஆர்பியும் திரையில் வரும், எதைக் கையில் வைத்திருக்கிறோமோ அதைத் தொட வேண்டியதுதான். நோட்டுக் கடைகளில் அந்த வாரம் முழுக்கப் பஞ்சாயத்து.

ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்ய என்று கேட்டீர்களே, எங்கள் ஊரில் நோன்பு மாதத்துக்குச் சரக்குப் போடுவது பெரிய கணக்கு. கஞ்சிக்குப் பச்சரிசி, கடல்பாசி, பேரீச்சம்பழம் எல்லாம் குறைந்தாலும் ஆபத்து, மிஞ்சினாலும் ஆபத்து. போன வருஷ விற்பனையைப் பார்த்து ஆர்டர் போடுகிறோம். ஆனால் போன மார்ச், இந்த மார்ச் என்று ஒப்பிட்டால் தப்பாகப் போகும், நோன்பு வருஷத்துக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகரும், தேதியை நாமே பார்த்துக் கொடுக்க வேண்டும். மெஷினுக்குப் பிறை தெரியாது.

தொண்டி_மாமா:

நான் முப்பதாயிரத்தைக் கருவாட்டில் போடச் சொல்வேன்.

தம்பி, கடையில் இருப்பது நீயும் உன் அம்மாவும். சம்பள ஆள் கிடையாது, திருட்டு பயம் கிடையாது. எந்தப் பொருள் போகிறது, எது தூங்குகிறது என்று உன் கைக்கே தெரியும். கீழக்கரைக்காரர் வைத்திருப்பது பெரிய கடை, அவருக்குச் சரி, எல்லாருக்கும் அதே அளவு சட்டை தைக்க முடியாது.

முக்கியமாகப் பற்று. மெஷின்காரன் உன்னிடம் பெருமையாகச் சொல்வான், பாக்கி வைத்தவர்களுக்குத் தானாக வாட்ஸ்அப் போகும் என்று. மே மாதம் படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு வலை பின்னிக்கொண்டு இருக்கிற மனுஷனுக்கு "தங்கள் நிலுவை ரூ. 6,840, உடனே செலுத்தவும்" என்று போனால் என்ன ஆகும்? அவன் ஜூன் 15-க்குக் கடல் ஏறி முதல் தடவை பிடித்த மீன் காசிலேயே கொண்டுவந்து கட்டுகிறவன். கட்டுவான், கட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவான். முதல் வேலையாக அந்த மெசேஜை நிறுத்தி வை.

பாம்பன்_கடை:

மாமா, மெசேஜ் விஷயம் நான் யோசிக்கவே இல்லை, நன்றி. ஆனால் பற்றில் தகராறும் வருகிறது. வீட்டில் அம்மாக்கள் வந்து வாங்கிப் போவார்கள், பணம் கட்ட வருவது அவர்கள் வீட்டுக்காரர். "இவ்வளவு எண்ணெய் நாங்கள் எங்கே வாங்கினோம்" என்பார். எங்கள் நோட்டில் வெறும் தொகைதான் இருக்கும், தேதியும் அவசரத்தில் விட்டுப்போகும்.

தொண்டி_மாமா:

அதற்குத்தான் அந்தக் காலத்திலிருந்து இரண்டு நோட்டு. ஒன்று கடையில், சின்ன நோட்டு அவர்கள் கையில். வாங்கும்போதே இரண்டிலும் பொருளோடு எழுதிவிட்டால் பேச்சே கிடையாது. ஆனால் உண்மையைச் சொன்னால், இப்போது பிள்ளைகளை அனுப்புகிறார்கள், சின்ன நோட்டைக் கொண்டு வருவதில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் மெஷின் பில் உதவும், ஒத்துக்கொள்கிறேன். பற்று பில்லை அடித்துக் கையில் கொடுத்து அனுப்பு, பொருள் பெயரும் அளவும் இருக்கும். கட்ட வருகிறபோது மொத்தத்தையும் வரிசையாகக் காட்டலாம்.

ராமேஸ்வரம்_மெஸ்:

நான் சாப்பாட்டுக் கடை, சன்னதித் தெருவுக்குப் பக்கம். உங்கள் கடைக்கு நேராகப் பொருந்தாது, இருந்தாலும் சொல்கிறேன்.

எங்களுக்கு மெஷின் போட்டதில் முதல் பலன் சத்தம் குறைந்தது. முன்பு சர்வர் பத்து டேபிளையும் மனசில் வைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்துக் கத்துவார், எட்டு தோசை சொன்னால் ஒன்பது வரும், அந்த ஒன்பதாவது யார் கணக்கு என்று தெரியாது. இப்போது ஆர்டர் போட்டதும் சமையல்கட்டில் சீட்டு வருகிறது, சீட்டில் இல்லாத தோசை கல்லில் விழாது. வடக்கத்தி யாத்திரிகர்கள் பில்லில் ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார்கள், அச்சடித்த பில் இருந்தால் பேரம் கிடையாது.

இரண்டாவது, மணிவாரி விற்பனை. புதுப் பாம்பன் பாலத்துக்காக 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரல் 6-க்கு அப்புறம்தான் மறுபடி தீவுக்குள் வந்தது. நடுவில் கூட்டம் பஸ்ஸிலும் காரிலும் வந்ததால் நாள் முழுக்கப் பரவலாக இருந்தது. ரயில் வந்ததும் காலையில் குபீரென்று ஒரு கூட்டம், அப்புறம் வெறிச்சென்று இருக்கும். எத்தனை மணிக்கு எத்தனை பில் என்று பார்த்து, விடியற்காலை ஆளைக் கூட்டி மத்தியானம் குறைத்தோம். கண்ணால் பார்த்தாலும் தெரியும்தான், ஆனால் ஆட்களிடம் நேரத்தை மாற்றச் சொல்லும்போது கையில் எண்ணிக்கை இருந்தால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். நெட் இல்லாமலும் பில் போடுகிற சாஃப்ட்வேராகப் பாருங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று தீவில் டவர் திணறும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும். வியாபாரம் நடக்கிற நாளே அதுதான், அன்றைக்குத் திரையில் வட்டம் சுற்றினால் மெஷினைத் தூக்கிக் கடலில் போடத் தோன்றும்.

சர்வீஸ்_ராம்நாடு:

கம்ப்யூட்டர், பில்லிங் மெஷின் சர்வீஸ் செய்கிறேன், விற்பதில்லை, அதனால் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கடலோரக் கடைகளில் எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி உப்புக்காற்றுதான். பிரிண்டர் கட்டர் துருப்பிடிப்பது, யூஎஸ்பி முனை பச்சை பூத்துப் போவது, கல்லாப்பெட்டிப் பூட்டு இறுகுவது. கருவாட்டுக் கடை என்றால் உப்புத் தூளும் சேர்த்து உள்ளே போகும். மின்விசிறி வைத்த பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம், அது உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். விசிறி இல்லாத சின்ன மெஷினோ டேப்லெட்டோ எடுத்து, கருவாட்டுப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். ராத்திரி உறை போட்டு மூடுங்கள்.

உங்கள் அளவுக்கு முப்பதாயிரமே தேவையில்லை. இருக்கிற ஆண்ட்ராய்டு போனில் பில்லிங் ஆப், ப்ளூடூத்தில் இரண்டு இஞ்ச் தெர்மல் பிரிண்டர், அவ்வளவு போதும். அது சார்ஜில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நிற்காது. ஓடினால் பிறகு பெரிதாகப் போகலாம்.

வாங்கும் முன் இரண்டு விஷயத்தைக் கண்ணால் பாருங்கள். ஒன்று தமிழில் பில் அடிக்கச் சொல்லுங்கள். மலிவான பிரிண்டர் பலவற்றில் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது, படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும், ஆப்பில் அந்த வசதி இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும், இருந்தாலும் ஆங்கில பில்லைவிட மெதுவாகத்தான் வரும். உங்கள் அம்மா பார்க்க வேண்டும் என்றால் திரையாவது தமிழில் இருக்க வேண்டும். இரண்டு, உங்கள் கணக்கு மொத்தத்தையும் எக்செல் ஃபைலாக வெளியே எடுக்க முடியுமா என்று அவர்கள் முன்னாலேயே எடுத்துப் பாருங்கள். ஒரு கடையில் சந்தா கட்டத் தவறியதும் பழைய பில்லைக்கூடத் திறக்கவிடாமல் பூட்டிவிட்டார்கள், பற்று வரவு முழுக்க அதற்குள் மாட்டிக்கொண்டது. மாதம் ஒரு தடவை எடுத்துப் பென் டிரைவில் போட்டு வீட்டில் வையுங்கள்.

தெர்மல் பில் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துவிடும், கம்பியில் குத்தி வைத்து அடுத்த வருஷம் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். பற்றுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

கணக்கு_பரமக்குடி:

சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நான் பேசுவது வரி மட்டும்.

பாம்பன் தம்பி, ஒரு நாளைக்குச் சராசரி பதினோராயிரம் விற்றாலே வருஷத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டிவிடும். பொருள் விற்கிற கடைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் எல்லை அதுதான். அந்த 40 லட்சத்தில் வரி இல்லாத சரக்கும் சேரும், தளர்வாக எடை போட்டு விற்கும் அரிசி, பருப்பு எல்லாம் உட்பட. முழுக்க முழுக்க வரி இல்லாத சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்குத்தான் பதிவு தேவையில்லை, நீங்கள் சோப்பும் பிஸ்கட்டும் விற்கிறீர்கள்.

"ரொக்கத்தில் விற்றால் யாருக்குத் தெரியும்" என்கிற காலம் போய்விட்டது, உங்கள் கடையிலும் க்யூஆர் அட்டை தொங்கும் இல்லையா? 2025 ஜூலையில் கர்நாடகாவில் யூபிஐ வரவை மட்டும் பார்த்துச் சின்னச் சின்னக் கடைகளுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது, பால், காய்கறி விற்கிறவர்கள்கூடக் கடையை மூடி எதிர்ப்புக் காட்டும் அளவுக்குப் போனது. வங்கிக்கு வந்த பணம் மொத்தமாகத்தான் தெரியும். அதில் எது வரி இல்லாத பொருள், எது வரி உள்ளது, எது மச்சான் அனுப்பிய கைமாற்று என்று பிரித்துக் காட்ட வேண்டியது நம் பொறுப்பு. பொருள்வாரி பில் இருந்தால் பிரிக்கலாம், நீள நோட்டை வைத்துப் பிரிக்க முடியாது. பில்லிங் மெஷினால் சின்னக் கடைக்கு உண்டான பெரிய நன்மை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தாண்டிவிட்டால் பயப்படவும் வேண்டாம். ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் திட்டம் இருக்கிறது, வியாபாரிக்கு வரி உள்ள விற்பனையில் 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டலாம். ஆனால் அதில் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் கூடாது. கருவாட்டைக் கூரியரில் பெங்களூருக்கு அனுப்புகிற எண்ணம் இருந்தால் யோசித்து எடுங்கள். மெஷினிலும் எந்த முறை என்று சரியாக வைக்கச் சொல்லுங்கள், காம்போசிஷன் கடையில் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) என்று பிரித்து பில் அடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் ஆடிட்டரிடம் ஓடுவார்கள்.

பாம்பன்_கடை:

கணக்கு அண்ணே, இந்தப் பெருக்கலை நான் இதுவரை போட்டே பார்த்ததில்லை, சீசனில் கண்டிப்பாகத் தாண்டும். கடைசியாக ஒன்று. கருவாடு வாங்கும்போது 50 கிலோ என்றால் விற்று முடிக்கும்போது 46, 47 கிலோதான் வரும், காய்ந்துகொண்டே போகும். மழைக்காலத்தில் நேர்மாறு, ஈரம் ஏறிப் பூசணம் பிடித்துக் கொஞ்சம் தூக்கிப் போடுவோம். மெஷினில் மூன்று நாலு கிலோ எப்போதும் மிச்சம் காட்டிக்கொண்டே இருக்காதா?

கீழக்கரை_ஸ்டோர்:

காட்டும். கழிவு என்று தனியாக ஒரு பதிவு பெரும்பாலான ஆப்பில் இருக்கும், வாரம் ஒருமுறை பெட்டியை எடை போட்டு வித்தியாசத்தை அதில் தள்ளுங்கள். நெத்திலியில் எவ்வளவு சுருங்குகிறது, சீலாவில் எவ்வளவு என்று சில மாதத்தில் பிடிபட்டுவிடும். அப்போதுதான் விலையே சரியாக வைக்க முடியும். கிலோ 400-க்கு வாங்கியது 50-ல் 46 ஆனால் அடக்கமே 435 ரூபாய் ஆகிறது, நீங்கள் 400-க்கு மேல் மார்ஜின் போட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

பார்கோடு பற்றிக் கேட்டீர்கள். லேபிள் அடிக்கும் தராசு இருக்கிறது, 2-ல் தொடங்கும் பதிமூன்று இலக்கக் கோடு அடித்துக் கொடுக்கும், அதற்குள்ளேயே பொருளும் எடையும் இருக்கும். இப்போதைக்கு உங்களுக்கு அது அதிகம். திரையில் பத்துப் பதினைந்து கருவாட்டுக்கும் படம் போட்டு வையுங்கள், படத்தைத் தொட்டு எடையை அடித்தால் முடிந்தது. அம்மாவுக்கும் அது போதும்.

சர்வீஸ்_ராம்நாடு:

புதுத் தராசு வாங்கினால் அரசு முத்திரை போட்டதா என்று பார்த்து வாங்குங்கள், எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் மறுமுத்திரை. அச்சடித்த பில்லில் எடை தெளிவாக இருப்பதால் இனிமேல் யார் வேண்டுமானாலும் வீட்டில் போட்டுப் பார்ப்பார்கள்.

பாம்பன்_கடை:

சரி, போனும் சின்னப் பிரிண்டரும் வைத்துக் கருவாட்டுப் பக்கத்தை மட்டும் முதலில் ஏற்றுகிறேன், மளிகை அடுத்து. தடைக்காலத்துக்கு முன்னால் பற்றையும் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்.

தொண்டி_மாமா:

பற்றை ஏற்றும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். நோட்டில் "கிணத்தடி வீட்டு மருமகள்", "செவத்த படகுக்காரர்" என்றுதான் எழுதியிருப்பார்கள், மெஷின் பெயரும் போன் நம்பரும் கேட்கும். யார் யாரென்று அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.